மத்தி, அயிலை, சூரை சாப்பிட்டா ஒத்துக்கலையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"எனக்கு மீன் ஒத்துக்காது"ன்னு சொல்றவங்கள கொஞ்சம் உக்கார வச்சு கேட்டா நிறைய பேருக்கு எல்லா மீனும் பிரச்சனையா இருக்காது, விரால் சாப்பிடுவாங்க, சங்கரா சாப்பிடுவாங்க, மத்தியோ அயிலையோ சூரையோ தான் படுத்தி எடுக்கும். இதுக்கு பின்னாடி ஒரே ஒரு காரணம் இல்ல, நாலஞ்சு இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் வேற வேற. சிலருக்கு வாழ்நாள் முழுக்க மீன் பக்கமே போகக்கூடாது, சிலருக்கு மீன் வாங்குற இடத்த மாத்துனாலே போதும். இந்த ரெண்டையும் போட்டு குழப்பிக்கிறவங்க நிறைய பேர், அதனால தான் இத எழுதுறேன்.

எண்ணெய் மீன்னா எதெல்லாம்?

மத்தி (தெக்க சாளைன்னு சொல்லுவோம்), அயிலை (சென்னைல கானாங்கெளுத்தி), சூரை, நெத்திலி, ஓரளவுக்கு வஞ்சிரமும். இலங்கைல சூடை, கும்பளா, அறுக்குளா. வெளிநாட்டுல இருக்கவங்களுக்கு சால்மன், ஹெர்ரிங், ட்ரவுட். இந்த மீனெல்லாம் கொழுப்ப சதைலயே வச்சிருக்கும், காட் மாதிரி வெள்ளை சதை மீனு பெரும்பாலும் ஈரல்ல சேத்து வைக்கும். மத்தில கொழுப்பு வருஷம் பூரா ஒரே அளவும் இருக்காது, தென்மேற்கு பருவமழை முடியுற சமயத்துல நல்லா ஏறிடும், அதனால ஒரு மாசம் ஒண்ணும் பண்ணாத மத்தி இன்னொரு மாசம் நெஞ்சு கரிக்க வைக்கலாம்.

சூரை சாப்பிட்டு அரை மணி நேரத்துல முகமெல்லாம் செவந்து, தலைவலி, நெஞ்சு படபடப்பு, உடம்பெல்லாம் சூடு. இது அலர்ஜியா?

அலர்ஜியாவும் இருக்கலாம், ஆனா எண்ணெய் மீனப் பொறுத்தவரைக்கும் முதல்ல சந்தேகப்பட வேண்டியது ஹிஸ்டமின் விஷம். டாக்டர்ங்க இத ஸ்காம்ப்ராய்டு பாய்சனிங்னு சொல்லுவாங்க.

என்ன நடக்குதுன்னா, சூரை, அயிலை, மத்தி, நெத்திலி இதுங்க சதைல ஹிஸ்டிடின்னு ஒரு அமினோ அமிலம் இயற்கையாவே ரொம்ப ஜாஸ்தி. மீன் செத்ததும் ஐஸ் இல்லாம வெயில்லயோ சூடான படகுலயோ கிடந்துச்சுன்னா செவுள்லயும் குடல்லயும் இருக்க பாக்டீரியா பெருகி அந்த ஹிஸ்டிடின ஹிஸ்டமினா மாத்திடும். அலர்ஜி வரும்போது நம்ம உடம்பு தானா வெளியிடுறதும் இதே ஹிஸ்டமின் தான், அதனால பாக்குறதுக்கு ரெண்டும் அச்சு அசலா ஒண்ணு மாதிரியே இருக்கும், ஆனா இங்க உங்க உடம்பு மேல தப்பு இல்ல, மீனுக்குள்ளயே ஹிஸ்டமின் வந்து உக்காந்துருச்சு.

பொதுவா பத்து நிமிஷத்துல இருந்து ஒண்ணு ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கும். முகம், கழுத்து செவக்கும், தலைவலி, படபடப்பு, வயித்துப்போக்கு, சில பேருக்கு வாய்ல மிளகு கடிச்ச மாதிரி ஒரு காரம். பெரும்பாலும் சில மணி நேரத்துல அடங்கிடும், மிஞ்சிப்போனா ஒரு நாள். டாக்டர் ஆன்டிஹிஸ்டமின் (ஹிஸ்டமின் வேலைய தடுக்குற) மாத்திரை குடுத்தா சீக்கிரமே குறைஞ்சிடும். இதய நோய், ஆஸ்துமா இருக்கவங்களுக்கு மட்டும் இது கடுமையா போகலாம், அவங்க வீட்ல படுத்து சமாளிக்க பாக்கக்கூடாது.

நல்லா கொதிக்க வச்சா அந்த ஹிஸ்டமின் போயிடாதா?

போகாது. கொதிக்க வச்சாலும், பொரிச்சாலும், ஃப்ரீசர்ல வச்சாலும், டின்ல அடைச்சாலும் போகாது. பாக்டீரியா செத்துடும், அது உண்டாக்குன ஹிஸ்டமின் அப்படியே நிக்கும். புளி, மஞ்சள், எலுமிச்சை எதுக்கும் அது மசியாது. இன்னொரு கஷ்டம், மூக்க வச்சும் கண்டுபிடிக்க முடியாது, ஹிஸ்டமின் ஏறின மீன் பாக்க பளபளன்னு நாத்தம் இல்லாம கூட இருக்கும். கருவாட்டுக்கும் இதே கதை தான், காய வைக்கிறதுக்கு முன்னாடி மீன் எவ்வளவு நேரம் வெயில்ல கிடந்துச்சுங்கிறத பொறுத்து அதுலயும் ஹிஸ்டமின் அதிகமா இருக்கலாம்.

ஒரே குழம்ப வீட்ல எல்லாரும் சாப்பிட்டோம், எனக்கு மட்டும் தான் வந்துச்சு. அப்போ எனக்கு அலர்ஜி தானே?

அப்படி உறுதியா சொல்லிட முடியாது. ஹிஸ்டமின் மீன் பூரா சமமா பரவி இருக்காது, ஒரே சூரைல ஒரு துண்டுல அதிகமாவும் இன்னொரு துண்டுல கம்மியாவும் இருக்கும், அந்த துண்டு உங்க தட்டுல விழுந்திருக்கலாம். ரெண்டாவது, சாப்பாட்டுல வர ஹிஸ்டமின உடைக்கிறதுக்கு குடல்ல டைஅமைன் ஆக்சிடேஸ்னு ஒரு என்சைம் இருக்கு, அது எல்லாருக்கும் ஒரே வேகத்துல வேலை செய்யாது, சரக்கு அடிச்சா இன்னும் மந்தமாகும். சரக்கும் அயிலை வறுவலுமா உக்காந்துட்டு மறுநாள் "மீன் சேரல"ன்னு சொல்றவங்க இத யோசிச்சு பாக்கணும்.

மூணாவது விஷயம் ரொம்ப முக்கியம், நம்ம ஊர்ல இத யாரும் விளக்கி சொல்றதே இல்ல. டிபிக்கு குடுக்குற ஐசோனியசிட் மாத்திரை அந்த என்சைம தடுத்துடும். டிபி மாத்திரை சாப்பிடுறவங்க சூரை மாதிரி மீன் சாப்பிட்டு முகம் செவந்து, படபடப்பு வந்து, மாத்திரை தான் ஒத்துக்கலன்னு நினைச்சு மாத்திரையவே நிறுத்திடுற ஆபத்து இருக்கு. தயவுசெஞ்சு மாத்திரைய நிறுத்தாதீங்க, நிறுத்த வேண்டியது மீன. கோர்ஸ் முடியுற வரைக்கும் சூரை, அயிலை, மத்தி, கருவாடு, மாசி (காய வச்ச சூரை) வேண்டாம், டாக்டர்கிட்டயும் நடந்தத சொல்லிடுங்க.

அப்போ நிஜமான மீன் அலர்ஜி எப்படி இருக்கும்?

நிஜ அலர்ஜில சண்டை மீனோட புரதத்துக்கும் உங்க எதிர்ப்பு சக்திக்கும் தான். பெரும்பாலும் காரணம் பார்வால்புமின்னு ஒரு புரதம், மீன் சதைல இருக்கு, சூடு பண்ணாலும் அழியாது. தடிப்பு தடிப்பா எழும்பும், உதடு கண்ணு வீங்கும், வாந்தி, தொண்டை அடைக்கும், மூச்சு இழுக்கும். கொஞ்சூண்டு சாப்பிட்டாலும் வரலாம், ஒவ்வொரு தடவையும் வரும், எவ்வளவு ஃப்ரெஷ் மீனா இருந்தாலும் வரும். சில பேருக்கு பக்கத்துல மீன் பொரிக்கிற ஆவி பட்டாலே போதும்.

நான் முதல்ல கேக்குற கேள்வி இது தான்: இதே மீன இதுக்கு முன்னாடி சாப்பிட்டு நல்லா இருந்திருக்கீங்களா, ஒரு தடவை வந்து அடுத்த தடவை வராம இருந்திருக்கா? ஆமான்னா ஹிஸ்டமின் பக்கம் சந்தேகம் கூடும். ஆனா இத வச்சு நீங்களே முடிவு பண்ணிட வேண்டாம், அலர்ஜி எந்த வயசுலயும் புதுசா ஆரம்பிக்கலாம்.

மத்தி அலர்ஜின்னா எல்லா மீனையும் விடணுமா? இறால், நண்டு?

பார்வால்புமின் பெரும்பாலான முள்ளு மீன்ல கிட்டத்தட்ட ஒரே அமைப்புல இருக்கு, அதனால ஒரு மீனுக்கு அலர்ஜி இருந்தா மத்ததுக்கும் இருக்க வாய்ப்பு அதிகம். சூரைல கருஞ்சதை ஜாஸ்தி, பார்வால்புமின் கம்மி, அதனால மீன் அலர்ஜி உள்ள சிலர் சூரை மட்டும் தாங்குவாங்க. சுறா, திருக்கை மாதிரி குருத்தெலும்பு மீன்ல இருக்க புரதம் வேற வகை, அதையும் சிலர் தாங்குவாங்க. இத படிச்சிட்டு நேரா போய் சுறா புட்டு கிண்டிடாதீங்க, எது தாங்கும்னு டாக்டர் முன்னாடி தான் சாப்பிட்டு பாக்கணும்.

இறால் நண்டு கதை வேற. அதுல பிரச்சனை பண்றது ட்ரோபோமயோசின்னு வேற புரதம். மீன் அலர்ஜி இருக்கதால இறால விடணும்னு இல்ல. ஆனா கடைல ரெண்டையும் ஒரே தவால, ஒரே எண்ணெய்ல தான் போடுவாங்க, அத மறந்துடாதீங்க.

எனக்கு தடிப்பு, அரிப்பு எதுவும் இல்ல. மத்தி சாப்பிட்டா நெஞ்சு கரிக்குது, வயிறு உப்புது, மீன் வாடையோட ஏப்பம் வருது.

இது கொழுப்பு செரிக்கிற பிரச்சனையா இருக்கலாம். கொழுப்பு இரைப்பைய விட்டு மெதுவா தான் கிளம்பும், ஏற்கனவே அல்சர், அசிடிட்டி இருந்தா கரிக்கும். இங்க மீன மட்டும் குத்தம் சொல்லாதீங்க. நம்ம மீன் குழம்புல சின்ன வெங்காயம், பூண்டு, புளி, மிளகாய்த்தூள் எல்லாம் கைநிறைய போடுறோம், ஐபிஎஸ் (அடிக்கடி வயிறு உப்பி, வலிச்சு படுத்துற குடல் பிரச்சனை) இருக்கவங்களுக்கு வெங்காயமும் பூண்டுமே வயித்த ஊத வைக்கும். பொரிச்ச மீன்னா மீனோட கொழுப்புக்கு மேல கடாய் எண்ணெய் வேற. மசாலால சோளமாவு, முட்டை, கலர் எது சேந்திருக்குன்னும் பாருங்க. ஒரு தடவை வெறும் உப்பு மஞ்சள் போட்டு வாழை இலைல சுட்டு, ரெண்டே துண்டு, மத்தியானத்துல சாப்பிட்டு பாருங்க. அது ஒத்துக்கிச்சுன்னா மீன் மேல பழி இல்ல. தடிப்பு, வீக்கம், மூச்சுத்திணறல் எப்பவுமே வராதவங்களுக்கு மட்டும் தான் இந்த சோதனை.

ஆனா வலி வலது பக்க விலா எலும்புக்கு கீழ பிடிச்சு இழுத்து, முதுகுக்கோ வலது தோளுக்கோ பரவி, மணிக்கணக்கா நின்னுச்சுன்னா பித்தப்பை கல்லா இருக்கலாம். கொழுப்பு உள்ள போனதும் பித்தப்பை சுருங்கும், கல்லு இருந்தா அந்த நேரத்துல அடைச்சுக்கும். மத்திக்கு மட்டும் இல்லாம பிரியாணி, பரோட்டா சால்னாவுக்கும் இதே வலி வருதான்னு யோசிச்சு பாருங்க. வயித்து ஸ்கேன் ஒண்ணு எடுத்தா தெரிஞ்சிடும். காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ கூட வந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரி.

மத்தி சாப்பிட்ட அடுத்த நாள் கால் பெருவிரல் செவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகுது.

இது யூரிக் ஆசிட், கவுட்னு சொல்ற மூட்டு பிரச்சனையா இருக்கலாம். மத்தி, நெத்திலி, அயிலைல பியூரின் ஜாஸ்தி, அது உடம்புல யூரிக் ஆசிடா மாறும். யூரிக் ஆசிட் டெஸ்ட் எடுத்து டாக்டர பாருங்க. வீங்கின சமயத்துல எடுத்த டெஸ்ட்ல அளவு நார்மலா வர்றதும் உண்டு, அதனால வீக்கம் வத்தினப்புறம் இன்னொரு தடவை பாக்க சொல்லுவாங்க.

வெளிநாட்டுல ஒரு ரெஸ்டாரன்ட்ல "பட்டர் ஃபிஷ்" சாப்பிட்டேன், மறுநாள் ஆரஞ்சு கலர்ல எண்ணெயா போகுது, சொல்லவே கூச்சமா இருக்கு.

கூச்சப்பட ஒண்ணும் இல்ல, இது உலகம் பூரா நடக்குறது தான். எஸ்கோலர், ஆயில்ஃபிஷ்னு ரெண்டு ஆழ்கடல் மீன் இருக்கு, அதோட கொழுப்பு முக்காவாசி மெழுகு வகை, மனுஷனால செரிக்க முடியாது, அப்படியே வழிஞ்சு வெளிய வந்துடும். இத பட்டர் ஃபிஷ், ஒயிட் டூனான்னு எல்லாம் பேர் மாத்தி விப்பாங்க. ஜப்பான்ல விக்கவே தடை. ஓரிரு நாள்ல தானா நின்னுடும், தண்ணி நிறைய குடிங்க. மத்தி, அயிலை கொழுப்பு இந்த வகை இல்ல, அதுங்கள இதுக்காக விட வேண்டாம்.

மீனும் தயிரும் சேத்து சாப்பிட்டதால தான் வந்துச்சுன்னு அம்மாச்சி சொல்றாங்க. "கரப்பான்"னு வேற சொல்றாங்க.

சேத்து சாப்பிட்டதால அலர்ஜி உண்டாகுதுன்னு சொல்ல ஆதாரம் இல்ல, உலகத்துல மீனையும் தயிரையும் சேத்தே சமைக்கிற ஊர் நிறைய இருக்கு, வங்காளத்துல தயிர் மீன் கல்யாண சாப்பாடு. ஆனா அம்மாச்சி சொல்றத ஒரேடியா தள்ளவும் மாட்டேன். கருவாடு, நெத்திலி, சூரை சாப்பிட்டா அரிப்பு வருதுன்னு அவங்க கண்ணால பாத்து தான் கரப்பான்னு ஒதுக்கி வச்சிருக்காங்க, ஐஸே இல்லாத காலத்துல அது நியாயமான எச்சரிக்கை. உங்களுக்கு எந்த மீனு அப்படி பண்ணுதுன்னு அவங்ககிட்ட கேட்டு குறிச்சு வச்சுக்கோங்க, டாக்டருக்கு உதவும்.

என்ன டெஸ்ட் எடுக்கணும்?

டெஸ்ட்டுக்கு முன்னாடி ஒரு நோட்டு போடுங்க. என்ன மீன், எங்க வாங்கினது, ஐஸ்ல இருந்துச்சா, எப்படி சமைச்சது, எத்தனை நிமிஷத்துல என்ன வந்துச்சு, கூட என்ன மாத்திரை, சரக்கு அடிச்சீங்களா, எவ்வளவு நேரத்துல அடங்குச்சு. தோல் செவந்தா போட்டோ எடுத்து வைங்க. பாதி நோய் இதுலயே பிடிபடும்.

அலர்ஜி டாக்டர் தோல்ல குத்தி பாக்குற ப்ரிக் டெஸ்டோ, ரத்தத்துல அந்த மீனுக்கான ஐஜிஇ (அலர்ஜிய கிளப்புற எதிர்ப்பு புரதம்) டெஸ்டோ எடுப்பாங்க. இதுல பாசிட்டிவ் வந்தா மட்டும் அலர்ஜின்னு முடிவு இல்ல, நடந்த கதையும் ஒத்துப்போகணும், சந்தேகம் இருந்தா ஆஸ்பத்திரில வச்சு கொஞ்சம் கொஞ்சமா சாப்பிட குடுத்து பாப்பாங்க. "நூறு உணவுக்கு ஒரே டெஸ்ட்"னு ஐஜிஜி (இது வேற வகை எதிர்ப்பு புரதம்) பாக்குற பேக்கேஜ் எல்லாம் விளம்பரத்துல வருது, அதுக்கு காசு போடாதீங்க. ஐஜிஜி இருந்தா நீங்க அந்த சாப்பாட்ட சாப்பிட்டு பழகியிருக்கீங்கன்னு தான் அர்த்தம், அலர்ஜி சங்கங்களே அத வேண்டாம்னு சொல்லுது.

மீன் வாங்கும்போது எத பாக்கணும்?

நம்ம ஆளுங்க "ஐஸ் மீனா? வேண்டாம், பழசு"ன்னு ஒதுக்குவாங்க, எண்ணெய் மீன் விஷயத்துல இந்த பழக்கம் தான் நம்மள கவுத்துடுது. வெயில்ல தட்டுல பரப்பி வச்ச "ஃப்ரெஷ்" அயிலைய விட, பிடிச்ச நேரத்துல இருந்து ஐஸ்ல புதைஞ்சு கிடந்த அயிலை எவ்வளவோ மேல். ஹிஸ்டமின் எவ்வளவு ஏறும்ங்கிறது மீன் எத்தனை மணி நேரம் சூட்டுல இருந்துச்சுங்கிறத பொறுத்தது. உணவுத் தரம் வகுக்குற சர்வதேச அமைப்பான கோடெக்ஸ் ஒரு கிலோ மீனுக்கு 200 மில்லிகிராம் ஹிஸ்டமினுக்கு மேல போகக்கூடாதுன்னு வச்சிருக்கு, சூட்டுல கிடந்த மீன் சில மணி நேரத்துலயே அத தாண்டிடலாம்.

இதுக்காக கூடைல வச்சு விக்கிற அக்காக்கள குறை சொல்லாதீங்க, மீன் கரைக்கு வர்றதுக்கு முன்னாடியே பாதி கதை முடிஞ்சிருக்கும், தவிர ஐஸ் விலைக்கு அவங்க கைல நிக்கிற லாபம் ரொம்ப சின்னது. நீங்க கேட்டு வாங்குனா அவங்களும் ஐஸ் போட்டு வைப்பாங்க.

சந்தைல மத்த எல்லாம் வாங்கி முடிச்சுட்டு கடைசியா மீன் வாங்குங்க, ஒரு பெட்டில ஐஸ் போட்டு எடுத்துட்டு வாங்க, மீன் ஒரு கிலோன்னா ஐஸும் ஒரு கிலோ இருக்கட்டும். வந்ததும் செவுள், குடல் எடுத்து கழுவி 4 டிகிரிக்கு கீழ வைங்க, அன்னைக்கே சமைங்க. ஃப்ரீசர்ல வச்சத வெளிய வச்சு உருக விடாதீங்க, ஃப்ரிட்ஜோட கீழ் தட்டுல வச்சு உருகட்டும்.

அலர்ஜி உறுதியாகிடுச்சு. வெளிய சாப்பிடும்போது மீன் எங்கெல்லாம் ஒளிஞ்சிருக்கும்?

இலங்கை சாப்பாட்டுல மாசி. சூரைய அவிச்சு, புகை போட்டு, காய வச்சு இடிச்சது தான் மாசி, தேங்காய்ச் சம்பல்ல இருக்கும், சீனிச் சம்பல்ல இருக்கும், சில மரக்கறிலயும் இருக்கும், பாத்தா தெரியவே தெரியாது. மலேசியா, சிங்கப்பூர்ல நாசி லெமாக் சம்பல்ல நெத்திலி. தாய்லாந்து, வியட்நாம் சமையல்ல மீன் சாஸ். வூஸ்டர்ஷயர் சாஸ், சீசர் சாலட் சாஸ் ரெண்டுலயும் ஆஞ்சோவி, அதாவது நெத்திலி இனம். கிம்ச்சிலயும் பெரும்பாலும் மீன் சாஸ் உண்டு. "மீன் இருக்கா"ன்னு கேட்டா இல்லன்னு தான் சொல்லுவாங்க, ஏன்னா அவங்களுக்கு அது மசாலா. "மாசி போட்டிருக்கா, மீன் சாஸ் ஊத்திருக்கா"ன்னு பேர் சொல்லி கேளுங்க.

மத்திய விட்டா ஒமேகா 3க்கு எங்க போறது?

எண்ணெய் மீன் மட்டும் ஒத்துக்கலன்னா விரால், சங்கரா, கொடுவா, கிழங்கான் சாப்பிடலாம், ஒமேகா 3 கம்மி, ஆனா புரதம், பி12 கிடைக்கும். மொத்தமா மீனே கூடாதுன்னா ஆளி விதை, வால்நட், ஆனா அதுல இருக்க ஒமேகா 3 வகை வேற, உடம்பு அதுல கொஞ்சத்த தான் மீன்ல இருக்க வகையா மாத்திக்கும். நேரடி மாற்று பாசி எண்ணெய் மாத்திரை. மீனுக்கே ஒமேகா 3 கடல் பாசில இருந்து தான் வருது.

மீன் எண்ணெய் மாத்திரைய அலர்ஜி உள்ளவங்க டாக்டர கேக்காம தொடாதீங்க. ஏப்பம் மட்டும் தான் பிரச்சனைன்னா சாப்பாட்டுக்கு நடுவுல போட்டு பாருங்க. காட் லிவர் ஆயில்ல வைட்டமின் ஏ அதிகம், கர்ப்பமா இருக்கவங்க டாக்டர் சொல்லாம எடுக்கக்கூடாது.

எனக்கு மீன் அலர்ஜி இருக்கு, அதனால குழந்தைக்கு மீன் குடுக்காம இருக்கவா?

வேண்டாம். தள்ளிப்போட்டா அலர்ஜி வராதுன்னு இல்ல. ஆறு மாசத்துக்கு அப்புறம் மத்த சாப்பாடு ஆரம்பிக்கும்போது முள்ளு எடுத்து மசிச்சு கொஞ்சமா குடுக்கலாம். குழந்தைக்கு கடுமையான எக்ஸிமாவோ (தோல் வறண்டு செவந்து அரிக்கிறது) வேற உணவு அலர்ஜியோ இருந்தா மட்டும் முதல்ல குழந்தை டாக்டர கேளுங்க. பால், முட்டை அலர்ஜி வளர வளர மறையுறது சகஜம், மீன் அலர்ஜி பெரும்பாலும் மறையாம அப்படியே இருக்கும், அதனால ஒரு தடவை வந்துச்சுன்னா ஸ்கூல்லயும் சொந்தக்காரங்க வீட்லயும் தெளிவா சொல்லி வைங்க.

எப்போ 108 கூப்பிடணும்?

மூச்சு இழுக்குது, தொண்டை அடைக்குது, குரல் கம்முது, நாக்கு வீங்குது, மயக்கம் வருது, தடிப்போட விடாம வாந்தி எடுக்குது, இதுல எது இருந்தாலும் உடனே. ஹிஸ்டமினா அலர்ஜியான்னு அந்த நேரத்துல ஆராய்ச்சி வேண்டாம். படுக்க வச்சு கால தூக்கி வைங்க, மூச்சு விட கஷ்டமா இருந்தா சாஞ்சு உக்காரட்டும், எழுந்து நடக்க விடாதீங்க. இதுக்கு மருந்து தொடைல போடுற அட்ரினலின் ஊசி, செட்ரிசின் மாதிரி ஆன்டிஹிஸ்டமின் மாத்திரைய நம்பி காத்திருக்கக்கூடாது. கடுமையான அலர்ஜி ஏற்கனவே வந்தவங்க, வீட்ல எந்த ஊசி வச்சுக்கலாம், யார் எப்படி போடணும்னு டாக்டர்கிட்ட இப்பவே கேட்டு கத்துக்கோங்க. சரியாகிட்டாலும் சில மணி நேரம் ஆஸ்பத்திரில இருங்க, அடங்கினது திரும்ப கிளம்புறது உண்டு.

டெஸ்ட்ல அலர்ஜி இல்லன்னு வந்துடுச்சு, ஆனா பயமா இருக்கு. திரும்ப ஆரம்பிக்கலாமா?

டாக்டர் சரின்னு சொன்னா ஆரம்பிக்கலாம். முதல்ல கொழுப்பு கம்மியான மீன், அதுவும் ஐஸ்ல இருந்ததுன்னு உறுதியா தெரிஞ்ச மீன், ரெண்டு மூணு தடவை சாப்பிட்டு பழகுங்க. அப்புறம் மத்தி, ஒரு சின்ன துண்டு, குழம்புல, காலைலயோ மத்தியானத்துலயோ, வீட்ல ஆள் இருக்கும்போது. அன்னைக்கு சரக்கு வேண்டாம், புது மாத்திரை எதுவும் வேண்டாம். ஒண்ணும் ஆகலன்னா அடுத்த வாரம் ரெண்டு துண்டு. கருவாடு, டின் மீன், வெளிக்கடை சூரை இதெல்லாம் கடைசியா பாத்துக்கலாம்.